பதினோராவது தோட்டா

பேப்பர்ல அந்தப் பக்கத்தைச் சித்த நேரம் திருப்பாம வெச்சிருங்க தம்பி, அந்தப் பொண்ணு படத்தைப் பாத்துக்கறேன். மெடலா? அம்பது மீட்டர் ரைபிளுன்னு போட்டிருக்குதா? அப்பச் சரி, பாயிண்ட் டூ டூ தோட்டா. நீங்க இப்ப வாய்க்குள்ளயே ஒண்ணு சொன்னீங்களே, "சுண்டுவிரல் நகமாட்டம் தோட்டா, இதுக்கு இத்தாம்பெரிய துப்பாக்கியா"ன்னு, அதுதான் எனக்குப் பொறுக்கலீங்க. இல்லாட்டி நான் பஸ்ல யாருகிட்டயும் வாயக் குடுக்கறவனில்ல. உடுமலையில ஏறுனதுல இருந்து சன்னலப் பாத்துட்டேதானுங்க வந்தேன். நீங்களும் கவனிச்சிருப்பீங்க.

முப்பத்தோரு வருஷம் ஒரு ரைபிள் கிளப்புல ஆர்மரரா இருந்தவனுங்க நான். ஆர்மரருன்னா துப்பாக்கியத் தொடைக்கறது, ரிப்பேரு பாக்கறது, தோட்டாவ எண்ணிக் குடுக்கறது, சுட்டு முடிச்ச காலித் தோட்டாவ எண்ணி வாங்கறது. போட்டி நடந்தா குறி வெக்கற அட்டையப் பாத்து மார்க்குப் போடறதும் நான்தான். கிளப்பு பேரு வேண்டாம் விடுங்க. மருதாசலம்னா அங்க ஒரு மரியாதை உண்டு, அது போதும்.

என்னயக் கேட்டா, மனுசன் செஞ்ச தோட்டாவுலயே இதாட்டம் குணமானது ஒண்ணு கெடையாதுங்க. ஒதைக்காது. பெரிய தோட்டா சுட்டா எருமை முட்டுனாப்புல இருக்கும், மறுநா சோத்துக்குக் கையத் தூக்க முடியாது. இது அப்படியில்ல, பன்னெண்டு வயசுப் புள்ளையும் சுடலாம், அறுபது வயசு டாக்டரம்மாவும் சுடலாம். காலேஜுல என்.சி.சி. புள்ளைங்க மொத மொதல்ல படுத்துச் சுடறதும் இதுலதான், ஒலகப் போட்டியில மெடலு வாங்கறதும் இதுலதான். அதே தோட்டாவ பிஸ்டல்லயும் போட்டுக்கலாம். வெளிநாட்டுல தோட்டத்துக்காரங்க முயல் அடிக்கக்கூட இதையேதான் வெச்சிருக்கறாங்களாம். நம்மூருல அதெல்லாம் கூடாதுங்க, ஜெயிலு. நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். ஒரே தோட்டா, நூறு வேலை. நம்ம வீட்டு அருவாமணையாட்டம்னு வெச்சுக்கங்களேன்.

சத்தமும் கம்மி. அதுல ஒண்ணே ஒண்ணு என்னன்னா, சத்தம் கம்மியா இருக்கறதால ஆளுங்க வெளையாட்டுச் சாமான்னு நெனச்சுப்போடுவாங்க. ஒண்ணரை கிலோமீட்டர் போவுமுங்க அது! போயி எங்க உழுகுதுன்னு சுட்டவனுக்கே தெரியாது. அதனாலதான் சுட்டுப் பழகற ரேஞ்சு எதுக்கும் பின்னால மண்ணு மேடு போட்டு வெக்கறது.

இன்னொரு விசேசம் இருக்குது, இது எங்களாட்டம் ஆளுங்களுக்குத்தான் தெரியும். பெரிய தோட்டாவுக்கு ஊசி நட்டநடுவுல அடிக்கும். துப்பாக்கிக்குள்ள ஒரு ஊசி இருக்குதுங்க, அது போயி அடிச்சாத்தான் மருந்து பத்தும். இந்தச் சின்னத் தோட்டாவுக்கு விளிம்புல அடிக்கும். சுட்டு முடிச்சதும் காலித் தோட்டா விளிம்புல ஒரு தழும்பு நிக்கும் பாருங்க, மாட்டுக்குச் சூடு போட்டாப்புல. ஒரு ரைபிள் தழும்பு மாதிரி இன்னொரு ரைபிளுக்கு இருக்காது. எங்க கிளப்புல பதினாலு ரைபிள். கண்ண மூடிட்டு என் கையில ஒரு காலித் தோட்டா குடுங்க, நகத்துல தடவியே இது எத்தனாம் நம்பருன்னு சொல்லிப்போடுவேன். பெருமைக்குச் சொல்லலீங்க. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

பொரிகடலை எடுத்துக்கங்க. எம்பொண்ணு வாங்கிக் குடுத்தா, பஸ் ஸ்டாண்டுல. ஆமாங்க, உடுமலையில பச்சைச் சேலை கட்டி சன்னலுக்குக் கீழ நின்னுட்டிருந்துச்சே, அதுதான் எம்பொண்ணு. சிவரஞ்சனி. அங்கதான் கட்டிக் குடுத்திருக்குது. ஒரு ஆஸ்பத்திரியில லேப் டெக்னீசியன். நாங்க சரியாப் பேசிக்கலைன்னு பாத்தீங்களா? நீங்க எல்லாத்தையும் கவனிக்கற ஆளு போல.

அவளப் பன்னெண்டு வயசுல ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனேன். பாயில குப்புறப் படுக்க வெச்சு, மூணாம் நம்பர் ரைபிள் கையில குடுத்து, ஒரு தோட்டா போட்டுச் சுடச் சொன்னேன். கண்ண இறுக்கி மூடிக்கிட்டே சுட்டா. அப்பறம் ஒத்தக் கண்ணத் தொறந்து, "இவ்வளவுதானுங்களாப்பா?"ன்னா. ரேஞ்சே சிரிச்சுதுங்க. அந்த மூணாம் நம்பர் அன்னிக்கு அவளப் புடிச்சுக்கிச்சு. ஏழு வருஷம். பள்ளிக்கூடம் விட்டா ரேஞ்சு, காலேஜு விட்டா ரேஞ்சு. சுட்டு முடிச்சதும் அட்டையக் கொண்டாந்து எங்கிட்ட நீட்டுவா, எத்தனைன்னு அவளுக்கே தெரியும், இருந்தாலும் நான் சொல்லோணும். நான் தொண்ணூத்தி மூணுன்னு சொன்னாத்தான் அது தொண்ணூத்தி மூணு.

நான் புள்ளைய ஒரு நாளும் கை நீட்டி அடிச்சதில்லீங்க. சத்தம் போட்டுப் பேசுனதுகூட இல்ல. கேட்டுப் பாருங்க.

இப்பவும் அவளுக்கு எல்லாத்துக்கும் நான்தான். மிக்சி வாங்கோணும்னா எனக்குப் போன் வரும். புள்ளைக்கு மொட்டை பழனியிலயா மருதமலையிலயான்னு எனக்குப் போன் வரும். காச்சலுக்கு எந்த டாக்டரு, வீட்டுக்கு எந்தப் பெயிண்டு. அவ லேப்புல படிச்ச புள்ள, காச்சலப் பத்தி எனக்கென்ன தெரியும்? இருந்தாலும் கேப்பா. மாப்பிள்ளை சிரிச்சுட்டே சொல்லுவாரு, "மாமா, நாளைக்கு நான் எந்தச் சட்டை போடட்டும்னு சொல்லிருங்க, உங்க புள்ள முடிவு பண்ண மாட்டேங்குது"ன்னு. ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் என் மேல பொறாமைங்க. இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்படி அப்பன் பேச்சக் கேட்டு நடக்குது, மருதாசலம் வளத்த வளப்பு அப்படின்னு பேசுவாங்க. நானும் ஆமான்னுதான் நெனச்சிட்டிருந்தேன். போன வாரம் வியாழக்கெழம வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

மொதல்ல அந்தப் போட்டியச் சொல்லோணும். பதினாறு வருஷமாச்சு. மாநில டீமுக்கு ஆள் எடுக்கற போட்டி, எங்க ரேஞ்சுலதான் நடந்துச்சு. பொம்பளப் புள்ளைங்க பதினோரு பேரு, மொத நாலு பேரு டீமுல. ரஞ்சனிக்கு அப்பப் பத்தொம்பது வயசு. அந்த வருஷம் அவ இருந்த இருப்புக்கு நாலுல ஒண்ணு என்ன, மொத எடமே அவளுக்குத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. நான் சொல்லல. நான் எப்படிச் சொல்றது, மார்க்குப் போடறவனாச்சே.

போட்டி எப்படின்னா, மொதல்ல கை பழக நாலஞ்சு சுட்டுக்குவாங்க. அந்தக் காலித் தோட்டாவையெல்லாம் நான் கூட்டி அள்ளி, பாயச் சுத்தம் பண்ணிக் குடுப்பேன். அப்பறம் புது அட்டை. ஆளுக்கொரு அட்டை, அட்டைக்குப் பத்துக் குண்டு. தோட்டாப் பெட்டி அவங்கவங்க கிட்டயே இருக்கும், எண்ணிச் சுட வேண்டியது அவங்கவங்க பொறுப்பு.

பக்கத்துப் பாயில பிரெசில்லான்னு குன்னூர்ப் பொண்ணு. நல்ல பொண்ணுங்க. அதைக் குத்தம் சொல்லி ஒண்ணும் ஆவப்போறதில்ல.

எல்லாம் சுட்டு முடிச்சாங்க. அட்டையெல்லாம் கழட்டிக்கிட்டு வந்தாங்க. நான் மேசையில போட்டு எண்றேன். ரஞ்சனி அட்டையில ஒம்போது ஓட்டை. பிரெசில்லா அட்டையில பதினொண்ணு.

உங்களுக்குப் புரியுதுங்களா? எங்க தொழில்ல இது ஒரு கெரகம். அம்பது மீட்டருக்கு அந்தால வரிசையா அட்டை, எல்லாம் ஒரே மாதிரி. மூச்சடக்கி ஒரே எடத்தையே பாத்துட்டிருக்கறப்ப உடம்பு ஒரு நூலு அசைஞ்சா, கண்ணு பக்கத்து அட்டைக்குப் போயிரும். தன்னுதுன்னு நெனச்சு அடுத்தவங்க அட்டையில நறுக்குனு பத்துக்குப் பத்து அடிச்சு வெப்பாங்க. பெரிய பெரிய ஆளுங்களே செஞ்சிருக்கறாங்க. அடிச்சவங்களுக்கு அந்தக் குண்டு சைபர். அட்டைக்காரங்களுக்கு நட்டம் வரக்கூடாதுன்னு பதினொண்ணுல நல்லதாப் பத்த எடுத்துக் கூட்டிக் குடுக்கோணும். இதுதான் ரூலு.

பாத்ததும் எல்லாருக்கும் அதுதான் தோணுச்சு. ரஞ்சனி ஒண்ணப் பக்கத்து அட்டையில போட்டுட்டா. ஒம்போதும் பதினொண்ணும் இருவது, கணக்கு நேராயிருது இல்லீங்களா? நானும் சைபர் போட்டுட்டேன். ஏழாவது எடத்துக்குப் போயிட்டா. பிரெசில்லா நாலாவதா டீமுக்குள்ள போச்சு.

ரஞ்சனி மேசைக்கு வந்தா. அழுவல. மெதுவாச் சொன்னா, "அப்பா, நான் என் அட்டையிலதானுங்க பத்தும் சுட்டேன். எண்ணித்தான் சுட்டேன். நட்ட நடுவுல ரெண்டு ஒரே ஓட்டையில போயிருக்குமுங்க. கேஜப் போட்டுப் பாருங்க."

அப்படியும் நடக்குமுங்க. ஒரே ஓட்டையில ரெண்டு குண்டு போறது நடக்காத காரியமில்ல, அவளாட்டம் சுடறவங்களுக்கு நடக்கும். அட்டைக்குப் பின்னால இன்னொரு அட்டை கட்டியிருந்தா அது காட்டிக் குடுத்திரும். அன்னிக்கு அட்டை பத்தலைன்னு நான்தான் கட்டாம உட்டுட்டேன். கேஜு இருக்குது, ஓட்டையில உட்டுப் பாக்கற குச்சி. வேற யாரு புள்ள வந்து கேட்டிருந்தாலும் ஒடனே போட்டுப் பாத்திருப்பேன். ஆனா சுத்தி இருவது பேரு நின்னு என் மூஞ்சியவே பாக்கறாங்க. சொந்தப் புள்ளைக்குன்னா ஆர்மரரு கேஜத் தூக்கறாம் பாருன்னு ஒருத்தன் சொல்லிப்போட்டா? ஊர்வாய மூட ஒலைமூடி உண்டுங்களா? "ரூலு ரூலுதான் கண்ணு, போயிட்டு வா"ன்னேன்.

அவ என் மொகத்தப் பாத்தா. அப்பறம், "அப்ப நான்தான் தப்பாச் சுட்டுட்டனாட்ட இருக்குதுங்கப்பா"ன்னுட்டுப் போயிட்டா.

கிளப்பு செக்ரட்டரி எந்திரிச்சுக் கை தட்டுனாரு. "தன் புள்ளைன்னு பாக்காத மனுசன்"னு மைக்குல சொன்னாரு. எல்லாரும் தட்டுனாங்க. என்னமோ உள்ளுக்குள்ள ஜில்லுனு இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது.

அன்னிக்குச் சாயங்காலம் பொழுதோட, வீட்டுல உக்காந்து காலித் தோட்டாவப் பிரிச்சுட்டிருந்தேன். கிளப்புல அது வழக்கம். எந்த ரைபிள்ல எத்தன சுட்டுதுன்னு தழும்பப் பாத்துப் பிரிச்சு எழுதி வெக்கோணும். மூணாம் நம்பருக்குத் தழும்பு அரிசி நுனியாட்டம் சாஞ்சிருக்கும். பிரெசில்லா சுட்டது ஒம்போதாம் நம்பர், அதுக்கு உளியில தட்டுனாப்புல சதுரமா இருக்கும். கொழந்தகூடப் பிரிச்சுரும்.

மூணாம் நம்பருது பத்து. ஒம்போதாம் நம்பருது பதினொண்ணு.

நான் திருப்பி எண்ணுனேன். பத்து, பதினொண்ணு. எங்க வீட்டம்மா வந்து, "காப்பி ஆறுது, அதையென்ன தேச்சுட்டே இருக்கறீங்க"ன்னாங்க. பத்து, பதினொண்ணு. அந்தப் பொண்ணு எண்ணிக்கை நழுவி ஒண்ணு எச்சாச் சுட்டிருக்குது. படுத்துச் சுடறவங்களுக்கு வர்றதுதான், மூச்சையே எண்ணிட்டிருப்பாங்க, குண்டு மறந்துரும். அது பதினொண்ணையும் தன் அட்டையிலயேதான் சுட்டிருக்குது. எம்புள்ள பத்தையும் அவ அட்டையிலதான் சுட்டிருக்குது. ரெண்டு, ஒரே ஓட்டையில.

ஏன் சொல்லலைன்னு கேக்கறீங்க. கேளுங்க, கேக்கோணும். யாருகிட்டப் போயிச் சொல்றதுங்க? போட்டியன்னிக்கு ரூலு பேசிட்டு, பொழுதோட வீட்டுல உக்காந்து சொந்தப் புள்ளைக்குச் சாதகமா ஒரு பதினோராவது தோட்டாவக் கண்டுபுடிச்சேன்னு போயி நின்னா எவன் நம்புவான்? தோட்டாவும் எங்கையில, தழும்பு படிக்கத் தெரிஞ்சவனும் நான் ஒருத்தன். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த ஞாயித்துக்கெழம கிளப்புக் கூட்டத்துல கூப்புட்டு எனக்குத் துண்டு போத்திட்டாங்க. நேர்மைக்குன்னு. துண்டப் போத்திக்கிட்டதுக்கு அப்பறம் என்னத்தச் சொல்றது.

அந்த இருவத்தியொரு காலித் தோட்டாவையும் ஒரு பல்பொடி டப்பாவுல போட்டு எடுத்து வெச்சுக்கிட்டேன். கிளப்புச் சாமான வீட்டுல வெச்சுக்கறது தப்பு. என் சர்வீசுல நான் செஞ்ச ஒரே தப்பு அதுதானுங்க.

ரஞ்சனி அப்பறம் ரைபிளத் தொடல. நான் வற்புறுத்தல. படிச்சா, வேலைக்குப் போனா, கட்டிக் குடுத்தோம். கோவமா இருந்திருந்தா ஒருவேளை நான் சொல்லியிருப்பேன் தம்பி. அவ கோவப்படவே இல்லீங்களே! எங்கிட்ட முன்ன விடப் பிரியமாத்தான் இருந்தா. எல்லாத்துக்கும் எங்கிட்டயே வந்து கேட்டா. நான் என்னன்னு நெனப்பேன்? புள்ள அதை மறந்துருச்சுன்னு நெனச்சேன்.

போன வியாழக்கெழம போன். "அப்பா, என்னயப் பிளட் பேங்குக்கு இன்சார்ஜா இருக்கச் சொல்றாங்கங்க. நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன், சரிதானுங்களே?"ன்னா. ஏன் கண்ணு, நல்ல வேலைதானேன்னேன். "ரத்தப் பையெல்லாம் எண்ணி வெக்கற வேலைங்கப்பா. நான் எண்ணுனாச் சரியா இருக்காது. இங்க ஒவ்வொரு சாம்பிளையும் மூணு தடவ எண்ணித்தான் வெக்கறேன், 'மூணு தடவ'ன்னே எனக்குப் பேரு. அன்னிக்கும் பத்துன்னு நெனச்சுட்டுத்தானுங்களே சுட்டேன்? என் கண்ணாலயே பாத்தேன், அப்பவும் தப்பாப் போச்சு. நீங்க பாத்துச் சொன்னீங்க. என்னோட எண்ணிக்கைய நம்பி ஒரு உசுரு போயிருச்சுன்னா?"

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "சரி கண்ணு, எதுக்கு வம்பு, நீ செஞ்சது சரிதான்"னேன். "தேங்க்ஸுங்கப்பா"ன்னு போன வெச்சுட்டா.

வெச்சதுக்கு அப்பறம்தானுங்க எனக்கு ஒறச்சுது. இந்தப் பதினாறு வருஷமா அந்தப் புள்ள எங்கிட்ட மிக்சி கேட்டது, பெயிண்டு கேட்டது, டாக்டரு கேட்டது எல்லாம் என்னன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. மரியாதையின்னுல்ல நான் நெனச்சுட்டிருந்தேன்! ஒறம்பரைகிட்டப் பெருமை பேசுனனே, தம்பி. தன்னோட கண்ண நம்பாம என்னோட கண்ண வாங்கிப் பொழச்சுட்டு இருந்திருக்குது அந்தப் புள்ள.

வெள்ளி, சனி ரெண்டு நாளு தவிச்சேன். இன்னிக்குக் காலையில டப்பாவ எடுத்துட்டுப் பஸ் ஏறிட்டேன். வர்ற வழியெல்லாம் மனசுல ஒரு கணக்குப் போட்டுட்டே வந்தேன். சொன்னதும் அழுவா. பதினாறு வருஷத்துப் பாரத்த எறக்கி வெச்சீங்களேப்பான்னு கையப் புடிச்சுக்குவா. நானும் ரெண்டு சொட்டு அழுதுக்கலாம். அப்படியெல்லாம் நெனச்சேனுங்க. சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க.

மாப்பிள்ளை புள்ளையக் கூட்டிட்டு வெளிய போயிருந்தாரு. அவ மட்டும்தான். டீ வெச்சுக் குடுத்தா. நான் டப்பாவ மேசையில வெச்சு எல்லாத்தையும் சொன்னேன், இப்ப உங்ககிட்டச் சொன்னாப்புலயே. அவ கேட்டு முடிச்சுட்டு டப்பாவத் தொறந்து ஒரு தட்டுல கொட்டுனா. தட்டத் தூக்கிட்டுச் சன்னலோரம் வெளிச்சத்துக்குப் போனா.

"பாரு கண்ணு, இந்தச் சாஞ்ச தழும்புதான் உன்னோட..."ன்னு நான் எந்திரிச்சேன்.

"நீங்க சொல்லாதீங்கப்பா."

சத்தமா இல்லீங்க. சாதாரணமாத்தான் சொன்னா. ஆனா அவ பொறந்ததுல இருந்து அப்படியொரு வார்த்தைய எங்கிட்டச் சொன்னதில்ல. நான் உக்காந்துட்டேன்.

ஒண்ணொண்ணா எடுத்து விளிம்பத் திருப்பிப் பாத்தா. லேப்புல பாத்துப் பழகுன கண்ணு. தட்டுல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு பிரிச்சா. அப்பறம் வெரல வெச்சு எண்ணுனா. பத்து. பதினொண்ணு. ஒரே ஒரு தடவதானுங்க எண்ணுனா. மூணு தடவ எண்ணல. நான் பாத்துட்டே இருந்தேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்கப்பா?"

இந்தக் கேள்விய நான் எதிர்பாக்கலீங்க. வழியில போட்ட கணக்குல இது இல்லவே இல்ல. "அன்னிக்குப் பொழுதோடயே கண்ணு"ன்னேன்.

"துண்டு போத்துனாங்களே. அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

அந்தக் கூட்டத்துக்கு அவளும் வந்திருந்தா தம்பி. மொத வரிசையில உக்காந்து எனக்குக் கை தட்டுனா.

அப்பறம் அவ போன எடுத்தா. "மேடம், நான் எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கிக்கறேன். பிளட் பேங்கு நான் பாத்துக்கறேன். ஆமாங்க, நல்லா யோசிச்சுட்டேன்"னா. என் பக்கம் திரும்பவே இல்ல. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசமுங்க, புள்ள தெளிஞ்சுட்டான்னு. "நல்ல முடிவு கண்ணு"ன்னு சொன்னேன். அவ என்னயப் பாத்தா பாருங்க, வழி கேக்க வந்த ஆளப் பாக்கறாப்புல. அதுக்கப்பறம் என் டம்ளர எடுத்துட்டுப் போயிக் கழுவுனா. நெம்ப நேரம் கழுவுனா.

"நாலரைக்குக் கோயமுத்தூர் பஸ் இருக்குதுங்கப்பா"ன்னா. எப்பவும் ராத்திரிக்குத் தங்கிட்டுப் போங்கன்னு சட்டையப் புடிச்சு இழுக்கற புள்ளைங்க.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. கடலை வாங்கிக் குடுத்தா. சீட்டுப் புடிச்சு உக்காந்ததுக்கு அப்பறம் சன்னலுக்குக் கீழ நின்னா, நீங்க பாத்தீங்களே. எனக்கு ஒரு வார்த்தையாவது வாங்காமப் போவ மனசு வரல. தலைய வெளிய நீட்டி, "அப்பன் இன்னிக்குச் சொன்னதை நம்பறயா கண்ணு?"ன்னேன். ஆமாங்கப்பான்னு ஒரு சொல்லு. அது போதும்னு கேட்டேனுங்க.

"நம்பறேங்கப்பா"ன்னா. "தழும்ப நானே பாத்தேன். அதனால நம்பறேன்."

டிரைவரு வண்டிய எடுத்துட்டாரு. அவ கூட ரெண்டு எட்டு நடந்து வந்து, மீதியையும் சொன்னா. "நீங்க சொன்னீங்கன்னு இல்ல."

பொழுது மேக்கால உதிக்குதுன்னு நான் சொன்னாலும் நம்புன புள்ளைங்க அது.